கீழ்த்தாடை ஒன்றா, இரண்டா?

ஹிஜ்ரி 597ஆம் ஆண்டில் (கி.பி. 1200–1201) நைல் நதி எகிப்தை ஏமாற்றிவிட்டது. ஆண்டுதோறும் கரைபுரண்டு வந்து வயல்களில் வண்டலைப் படியவைக்கும் வெள்ளம், அவ்வாண்டு வேண்டிய மட்டத்தை எட்டாமலே வடிந்து போயிற்று. விதைப்பதற்கு ஈரமில்லை, விதைத்தாலும் அறுப்பதற்கு விளைச்சலில்லை. பஞ்சமும் அதன் பின்னே கொள்ளைநோயும் கெய்ரோ மாநகரைச் சூறையாடின. குளிப்பாட்டிக் கஃபனிட்டு, ஜனாஸாத் தொழுகை நடத்தி அடக்கம் செய்ய ஆளின்றி மையித்துகள் வெட்டவெளியில் கிடந்தன. நகரின் புறத்தே மக்ஸ் என்னும் இடத்தில் மனித எலும்புகள் ஒரு மேடாகவே குவிந்துவிட்டன. அந்த மேட்டுக்கு ஓர் ஆசிரியர் தம்மிடம் மருத்துவம் பயின்றவர்களுடன் சென்றார்.

அவர் பெயர் முவஃப்பகுத்தீன் அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி. 1162இல் பக்தாதில் பிறந்தவர். இலக்கணம், ஹதீஸ், தத்துவம், மருத்துவம் என்று பல துறைகளில் ஆழ்ந்து, ஊர் ஊராக அறிஞர்களைத் தேடிச் சென்றவர். ஸலாஹுத்தீன் அய்யூபியிடம் உதவித்தொகை பெற்றவர். கெய்ரோவின் அல்-அஸ்ஹரில் பாடம் நடத்தியவர். அப்போது அவருடைய மாணவர்கள் ஜாலீனூஸின் உடற்கூறு நூலை ஓதிக்கொண்டிருந்தார்கள். கேலன் என்று மேலைநாட்டார் சொல்லும் அந்த கிரேக்க மருத்துவரே அரபி நூல்களில் ஜாலீனூஸ். அவர் இறந்து ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் ஆகியிருந்தன. எனினும் மருத்துவ உலகில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லாதிருந்தது. அச்சொல்லைப் படித்தவர்களுக்கோ அது விளங்கவில்லை. எலும்பைப் பற்றிய வருணனையை எத்தனை முறை வாசித்தாலும் எலும்பு கண்முன் வருவதில்லை. மக்ஸில் எலும்புகள் கிடக்கின்றன என்ற செய்தி கிடைத்ததும் ஆசிரியரும் மாணவர்களும் புறப்பட்டார்கள்.

மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது, அவை முகவாயின் நடுவில் உறுதியாகப் பொருந்தியுள்ளன என்பது ஜாலீனூஸின் கூற்று. அப்துல் லத்தீஃப் கண்டது வேறு. தாடை ஒரே எலும்பாக இருந்தது. நடுவில் பொருத்துவாயும் இல்லை, மூட்டும் இல்லை. ஒன்றைப் பார்த்து அவர் முடிவு கட்டிவிடவில்லை. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தலைகளைப் பார்த்ததாக எழுதுகிறார். தம் கண் தம்மை ஏமாற்றியிருக்கலாம் என்று கருதிப் பிறரையும் பார்க்கச் செய்தார், தாம் உடனிருக்கும்போதும், தாம் இல்லாதபோதும். அதன் பின்னும் மனம் அமையாமல் பூசீர் என்னும் ஊரின் பழைய அடக்கத்தலங்களிலிருந்த எலும்புகளையும் நோக்கினார். எங்கும் ஒன்றே.

அவர் பிணங்களை அறுக்கவில்லை. பஞ்சம் வெளியே எறிந்திருந்ததைப் பார்த்தார், பார்த்ததை எழுதினார். ஜாலீனூஸ் எவ்வளவு பெரியவராயினும், அவர் சொல்லைக் காட்டிலும் புலன்களின் சான்று நம்பத்தக்கது என்ற கருத்தை, ஆசிரியருக்குரிய மரியாதை குன்றாமல் அதே இடத்தில் பதிந்து வைத்தார். எகிப்தைப் பற்றி அவர் இயற்றிய ‘கிதாபுல் இஃபாதா வல் இஃதிபார்’ என்னும் நூலில் இச்செய்தி உள்ளது. பசியால் மனிதர் மனிதரையே தின்ற கொடுமையையும் நேரில் கண்டவராய் அதே நூலில் அவர் எழுதியிருக்கிறார். அந்தப் பக்கங்களை அடுத்து இந்தத் தாடை எலும்பின் பகுதியை வாசிக்கும்போது, இந்த அறிவு என்ன விலைக்குக் கிடைத்தது என்பது விளங்கும்.

ஜாலீனூஸை எள்ளி நகையாட வேண்டியதில்லை. அவர் பெரும்பாலும் விலங்குகளை அறுத்துப் பார்த்தவர். நாய் போன்ற விலங்குகளின் கீழ்த்தாடை இரு பாதிகளாகவே இருப்பது. மனிதக் குழந்தையும் பிறக்கும்போது அவ்வாறே இரு பாதிகளுடன்தான் பிறக்கிறது. முதல் ஓராண்டுக்குள் அவை முகவாயில் இணைந்து ஒன்றாகிவிடுகின்றன. வளர்ந்த மனிதனின் முகத்தில் உள்ள 14 எலும்புகளில் இணையில்லாதவை இரண்டே: ஒன்று மூக்கின் நடுத்தடுப்பில் உள்ள எலும்பு, மற்றது இந்தக் கீழ்த்தாடை.

அந்நூலுக்கு நேர்ந்தது நம் நூல்கள் பலவற்றுக்கும் நேர்ந்ததே. ஆசிரியர் 1231இல் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்டுப் பக்தாதை அடைந்தபோது அங்கேயே காலமானார். அவர் தம் கையால் எழுதிய பிரதி பதினேழாம் நூற்றாண்டில் எட்வர்ட் போகாக் என்னும் அரபி அறிஞர் வாயிலாக ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்று பாட்லியன் நூலகத்தில் தங்கிற்று. 1800இல் அரபி மூலம் லத்தீன் மொழிபெயர்ப்புடன் அச்சாயிற்று. 1810இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதற்குள் வெசாலியஸ் என்னும் ஐரோப்பிய உடற்கூற்றறிஞர் 1543இல் தம் பெருநூலில் கீழ்த்தாடை ஒன்றே என்று எழுதி, அதன் பெருமையையும் பெற்றுவிட்டிருந்தார்.

இனி நான் சொல்லப்போவது முகத்தையும் தாடையையும் உயிருள்ள மனிதனில் பார்ப்பதற்கு வந்த ஒரு கருவியைப் பற்றி. அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்றைய கருவி எதை எடுத்தாலும் அதை அன்றே எம்மவர் கண்டனர் என்று முடிக்கும் பழக்கம் நம் எழுத்தாளர் சிலரிடம் உண்டு. சி.டி. ஸ்கேன் எம்மவர் கண்டதன்று. அப்துல் லத்தீஃபுக்கு அந்த இரவல் பெருமை தேவையுமில்லை. அவரிடமிருந்து நமக்குக் கிடைப்பது ஒரு கேள்வி: எலும்பைக் கண்ணால் காண வேண்டுமென்றால் மனிதன் சாகத்தான் வேண்டுமா?

நெடுங்காலம் அதற்கு ஆம் என்பதே விடையாக இருந்தது. உயிருள்ளவனின் தாடை முறிந்தால் மருத்துவனுக்குக் கண் என்று இருந்தது விரல்தான். அப்துல் லத்தீஃபுக்கு இரு நூற்றாண்டுகள் முந்திய அல்-ஸஹ்ராவி, குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் வாழ்ந்தவர், தம் ‘அத்-தஸ்ரீஃப்’ நூலின் அறுவைப் பகுதியில் தாடை முறிவுக்குச் சொல்லும் முறை அத்தகையது. வாய்க்குள் விரலைவிட்டு, முறிந்த பகுதியை உள்ளும் புறமுமாகத் தடவி நேராக்க வேண்டும். ஆட்டம் கண்ட பற்களைப் பொன்கம்பியாலோ வெள்ளிக் கம்பியாலோ பிணைத்துவிட வேண்டும். பல்லைப் பல்லுடன் கட்டித் தாடையை அசையாமல் நிறுத்தும் அந்த உபாயம் உலோகம் மாறி இன்றும் வழக்கில் இருக்கிறது. ஆனால் விரலுக்கு எட்டாத இடங்கள் முகத்தில் மிகுதி. காதுக்கு முன்னே ஆழத்தில் இருக்கும் தாடை மூட்டு, கண்குழியின் அடித்தளம், மேல்தாடைக்குள் இருக்கும் காற்றறை ஆகியவற்றை விரல் காணாது.

1895 நவம்பர் 8ஆம் நாள் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டபோது அந்தத் திரை விலகிற்று என்றே உலகம் எண்ணியது. அடுத்த ஜனவரியிலேயே ஓட்டோ வால்க்ஹாஃப் என்னும் பல் மருத்துவர் தம் பற்களைப் படமெடுத்தார். அதற்காக 25 நிமிடம் அசையாமல் கிடந்தாராம். கை முறிவு, கால் முறிவு என்றால் எக்ஸ்ரே போதுமானதாயிற்று. முகத்தில்தான் அது திணறியது.

காரணம் எளியது. எக்ஸ்ரே படம் என்பது நிழல். பள்ளிவாசல் மினாரா ஒன்றின் நிழலைத் தரையில் மட்டும் பார்த்த ஒருவன், அது உருண்டையா, எண்கோணமா, உள்ளே படிக்கட்டு உண்டா என்று சொல்ல முடியுமா? நிழலை அளந்து அஸ்ர் வேளையைக் கணிக்கத் தெரிந்த நமக்கு நிழலின் வரம்பும் தெரியும். முகத்திலோ ஒரு மினாரா அன்று, பல கட்டடங்கள் நெருங்கி நிற்கின்றன. மூக்கு, கண்குழிகள், கன்னம், இரு தாடைகள், அவற்றின் பின்னே மண்டையின் அடித்தளத்து வன்மையான எலும்புகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அந்தத் தட்டையான படத்தில் விழுகின்றன. மெல்லிய முறிவுக் கோடு அந்தக் குவியலில் ஒளிந்துகொள்ளும். 1915இல் வாட்டர்ஸ் என்பவரும் வால்ட்ரன் என்பவரும் நோயாளியின் முகவாயை உயர்த்திவைத்துப் படமெடுத்து, பின்புற எலும்பின் நிழல் கன்னக் காற்றறைக்குக் கீழே விழும்படி செய்தார்கள். அது நிழலை நகர்த்தும் சாமர்த்தியமே. நிழல் நிழலாகவே இருந்தது.

ஆகவே முகம் எவ்வாறு முறிகிறது என்று அறிய விரும்பியவர் மறுபடியும் இறந்தவர்களிடமே போக வேண்டியதாயிற்று. பிரான்சின் லீல் நகரத்து ரெனே லெ ஃபோர், முப்பதுக்கும் மேற்பட்ட சடலங்களின் தலைகளைப் பல கோணங்களில் தடியால் அடித்தும் கடினமான பரப்பில் மோதவைத்தும், பின்னர் தசையை நீக்கி எலும்பை ஆராய்ந்தார். 1901இல் அவர் வெளியிட்ட முடிவு வியப்பானது. நடுமுகம் கண்டபடி நொறுங்குவதில்லை. பெரும்பாலும் மூன்று கோடுகளின் வழியே பிளக்கிறது. முதற்கோடு மேற்பற்களுக்கு மேலே குறுக்காகச் செல்லும். இரண்டாவது மூக்கடியிலிருந்து கூம்பு வடிவில் இருபுறமும் இறங்கும். மூன்றாவதில் முகம் முழுவதுமே மண்டையோட்டிலிருந்து கழன்றுவிடும். அவர் பெயரால் வழங்கும் இவ்வகுப்பை இன்றும் முகக்காய மருத்துவர் ஒவ்வொருவரும் பயில்கிறார். மக்ஸ் மேட்டுக்கும் லீல் நகரத்துக்கும் இடையே ஏழு நூற்றாண்டுகள். இடையில் எவ்வளவோ மாறியும் எலும்பைக் காணும் வழி அவ்வளவாக மாறவில்லை.

முதல் உலகப் போர் முகம் சிதைந்த இளைஞர்களை ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து குவித்தது. பதுங்கு குழியிலிருந்து தலையை நீட்டியவனுக்கு முகத்தில்தான் குண்டு பாயும். இங்கிலாந்தின் சிட்கப்பில் 1917இல் திறக்கப்பட்ட மருத்துவமனையில் ஹரோல்ட் கில்லீஸும் அவருடைய குழுவினரும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு முகத்தை மீட்டுக் கொடுக்க முயன்றனர். எக்ஸ்ரே நிழலும் கைவிரலும் கலைஞனின் கண்ணுமே அவர்களுக்குத் துணை.

அதே 1917இல் வியன்னாவில் கல்வி கற்ற யோஹான் ராடன் என்னும் கணித அறிஞர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு பொருளின் ஊடே எல்லாத் திசைகளிலும் கோடுகள் சென்றால், ஒவ்வொரு கோட்டின் வழியிலும் கிடைக்கும் கூட்டுத்தொகையைக் கொண்டு அப்பொருளின் உள்ளமைப்பை மீட்டெடுக்கலாம் என்பது அதன் சாரம். மினாராவைச் சுற்றிச் சுற்றி வந்து நாலாபுறத்து நிழல்களையும் சேர்த்துவைத்தால் மினாராவையே கட்டிவிடலாம் என்று சொல்வதற்கு ஒப்பானது அது. மருத்துவர் எவரும் அதைப் படிக்கவில்லை. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் மருத்துவமனையொன்றில் 1956இல் பகுதிநேரப் பணியாற்றிய ஆலன் கார்மக் என்னும் இயற்பியலாளர் இதே சிக்கலைத் தாமாகவே தீர்த்து, 1963இலும் 1964இலும் கட்டுரைகள் எழுதினார். ராடனைப் பற்றி அவருக்கு அப்போது தெரியாது. அவர் கட்டுரைகளுக்கும் வரவேற்பில்லை. பிரதி கேட்டு வந்த கடிதங்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆய்வு நிலையத்திலிருந்து வந்ததாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார்!

கருவியைக் கட்டி நிறுத்தியவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட், இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனத்துப் பொறியாளர். நம் வீடுகளில் நாய்ப்படம் போட்ட இசைத்தட்டுகளாக அறிமுகமான முத்திரை அந்நிறுவனத்தினுடையதே. பண்ணை வீட்டில் வளர்ந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். அவருடைய முதல் சோதனை அமைப்பு ஒரு பொருளை அளந்து முடிக்க ஒன்பது நாட்கள் எடுத்துக்கொண்டது. 1971 அக்டோபர் 1ஆம் நாள் லண்டன் விம்பிள்டனில் இருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மருத்துவர் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸின் துணையுடன், மூளையில் கட்டி இருப்பதாக ஐயுறப்பட்ட ஒரு பெண்மணிக்கு முதல் ஸ்கேன் எடுக்கப்பட்டது. கட்டி படத்தில் தெளிவாகத் தெரிந்தது. 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

சி.டி. கருவியில் எக்ஸ்ரே குழாய் தலையைச் சுற்றி வருகிறது. எதிர்ப்புறத்தில் உள்ள உணர்விகள் ஒவ்வொரு கோணத்திலும் கதிர் எவ்வளவு வலுவிழந்து வெளிவந்தது என்று அளக்கின்றன. அந்த எண்களைக் கணிப்பொறி சேர்த்துத் தலையின் ஒரு மெல்லிய குறுக்குத் துண்டை, உள்ளிருப்பவை ஒன்றையொன்று மறைக்காத வண்ணம், படமாகத் தருகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீருக்குச் சுழி, காற்றுக்கு −1000, கொழுப்பு −100ஐ ஒட்டி நிற்கும், கெட்டியான எலும்பு ஆயிரத்தையும் தாண்டும். ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் என்று அதற்குப் பெயர். காற்று இருக்க வேண்டிய கன்ன அறையில் இரத்தத்துக்குரிய எண் தெரிந்தால், அருகில் எங்கோ எலும்பு முறிந்திருக்கிறது என்று மருத்துவர் தேடத் தொடங்குவார்.

மூளைக்காகப் பிறந்த கருவி முகத்துக்கு வர ஒரு பத்தாண்டு ஆயிற்று. 1983இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மார்ஷ், வான்னியர் ஆகியோர், சி.டி. துண்டுகளைக் கணிப்பொறியில் அடுக்கி, பிறவியிலேயே முகம் கோணிய குழந்தைகளின் மண்டையோட்டை முப்பரிமாண உருவமாகக் காட்டினர். உயிரோடு மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் குழந்தையின் மண்டையோட்டை, மக்ஸில் கிடந்ததைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்ப்பதுபோல், முன்னும் பின்னும் திருப்பிப் பார்க்கும் நிலை அப்போது வந்தது. 1989இல் சுருள்முறை ஸ்கேன் வந்தபின் நேரம் நிமிடங்களிலிருந்து நொடிகளுக்கு இறங்கியது.

இதனால் மனிதருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்க்கு இரண்டு காயங்களைச் சொல்வேன். இரண்டும் குழந்தைகளுக்கு நேர்பவை. இரண்டும் வெளிப்பார்வைக்கு அற்பமானவை.

கண்குழியின் அடித்தளம் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத மெல்லிய எலும்பு. பந்தோ முழங்கையோ கண்ணில் தாக்கினால் அது கீழ்நோக்கி உடையலாம். பெரியவர்களுக்கு எலும்பு நொறுங்கும். குழந்தைகளின் எலும்போ வளைந்து கொடுத்து, கதவுபோலத் திறந்து மறுபடி மூடிக்கொள்ளும். மூடும்போது கண்ணைச் சுழற்றும் தசையைக் கவ்விக்கொள்ளும். கண்ணில் சிவப்பும் இராது, வீக்கமும் குறைவு. பிள்ளை வாந்தி எடுக்கும், நாடி தளரும், மேலே பார்க்க இயலாது. தலையில் அடிபட்டதென்று எண்ணி மூளையை மட்டும் கவனித்து அனுப்பிவிட்டால், கவ்வப்பட்ட தசை இரத்தமின்றி வாடி, பார்வை இரட்டையாகவே நின்றுவிடக்கூடும். முகத்தை நெடுக்காகவும் வெட்டிக் காட்டும் சி.டி. படத்தில், இருக்க வேண்டிய இடத்தில் தசை இல்லாமல் எலும்பின் கீழே தொங்குவது தெரியும். அறுவை மருத்துவர் விரைந்து அதை விடுவிப்பார்.

மற்றது முகவாயில் விழும் அடி. மாடிப்படியிலோ முற்றத்திலோ குழந்தை குப்புற விழுந்து முகவாய் கிழிகிறது. இரண்டு தையல் போட்டு, மிட்டாய் வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அழைத்து வருகிறோம். கீழ்த்தாடை வளைந்த வில்லைப் போன்றது. நடுவில் விழுந்த அடி இரு முனைகளுக்கும் பாயும். காதுக்கு முன்னுள்ள மூட்டுத்தலை உடைந்திருந்தாலும் வெளியே ஒன்றும் தெரியாது. கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு மாதங்கள் செல்லச் செல்ல வாய் திறப்பது குறையும். கடைசியில் மூட்டும் மண்டையோடும் ஒரே எலும்பாக இறுகிவிடும். தாடையின் வளர்ச்சி அங்கே பழுதுபடுவதால் முகமும் ஒருபுறம் ஒடுங்கும். சோற்றைக் கரைத்துப் பல்லிடுக்கில் ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நம் நாட்டில் அரியவர்கள் அல்லர். திருமண வயதில் அந்த முகத்துடன் நிற்கும் பெண்ணின் துயரத்தை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. பொதுவாக ஒருவரின் வாயில் அவருடைய மூன்று விரல்களை நெடுக்காக அடுக்கி நுழைக்கலாம். முகவாயில் அடிபட்ட பிள்ளைக்கு அந்த அளவு குறைந்தாலோ, பற்கள் முன்போல் பொருந்தாவிட்டாலோ, தையலோடு நில்லாமல் மூட்டையும் பார்க்கச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே இறுகிப்போன மூட்டுக்கு அறுவை செய்யுமுன், எலும்புக் கட்டி மண்டையின் அடித்தளத்துக்கும் பெரிய இரத்தக் குழாய்க்கும் எவ்வளவு அருகில் இருக்கிறது என்று காட்டுவதும் சி.டி.தான்.

தாடைக்குள் நீர்ப்பை வளர்ந்து எலும்பை ஓடாக்கிவிடுவது, சொத்தைப் பல்லின் சீழ் கழுத்துக்குள் இறங்கி மூச்சை அடைப்பது ஆகியவற்றிலும் அது துணை செய்கிறது. வெற்றிலையுடன் புகையிலையை அடக்கிக்கொள்ளும் பழக்கத்தால் நம்மிடையே மிகுந்துள்ள வாய்ப் புற்றுநோயில், நோய் தாடை எலும்பை அரித்துவிட்டதா என்று பார்க்கவும் அது வேண்டும். அரித்த தாடையை நீக்கிவிட்டு நோயாளியின் கால் எலும்பிலிருந்து புதுத் தாடை அமைக்கிறார்கள்; எந்த அளவில் எங்கே வெட்டுவது என்பதைப் படத்திலேயே முன்கூட்டித் தீர்மானித்துக்கொள்ள முடிகிறது.

எல்லாவற்றையும் அது காட்டிவிடாது. நாக்கு, எலும்பின் மச்சை போன்ற மென்பகுதிகளுக்கு எம்.ஆர்.ஐ. மேலானது. வாயில் உலோகப் பல் இருந்தால் படத்தில் கீற்றுக் கீற்றாகக் கோடுகள் பாய்ந்து அருகிலிருப்பதை மறைக்கும். கதிரின் அளவும் கருதத்தக்கது. தலைப்பகுதி சி.டி. ஒன்றில் சுமார் 2 மில்லிசீவர்ட் கதிர் சேரும். இயற்கையாக ஓராண்டில் மனிதனுக்குச் சராசரியாகச் சேர்வது 2.4. வளரும் குழந்தைக்குத் தேவையின்றி எடுக்கலாகாது. தேவையிருந்தால் அஞ்சி மறுக்கவும் கூடாது. பற்களுக்கும் தாடைக்கும் என்றே இத்தாலியிலும் ஜப்பானிலும் உருவாகி, 1998–99இல் அறிவிக்கப்பட்ட கூம்புக்கதிர் ஸ்கேன் பொதுவாக இதைவிடக் குறைந்த கதிரில் எலும்பைக் காட்டுகிறது; இன்று பல் மருத்துவர்கள் பலர் பயன்படுத்துவது அதைத்தான்.

அப்துல் லத்தீஃப் எகிப்தில் கண்டு வியந்து எழுதியவற்றுள் பண்டை அடக்கத்தலங்களும் பதப்படுத்திய உடல்களும் உண்டு. அதே எகிப்தில் 1968இல் துட்டன்காமுன் மன்னரின் உடலை லிவர்பூல் பேராசிரியர் ஹாரிசன் எக்ஸ்ரே எடுத்தார். மண்டைக்குள் எலும்புத் துணுக்குகளின் நிழல் தெரியவே, மன்னரைத் தலையில் அடித்துக் கொன்றிருக்கிறார்கள் என்று பலர் நூல்களே எழுதிவிட்டனர். 2005 ஜனவரி 5ஆம் நாள் லக்சரில் அவ்வுடல் சி.டி. கருவிக்குள் வைக்கப்பட்டு சுமார் 1700 படங்கள் எடுக்கப்பட்டன. துணுக்குகள் மண்டைக்குள் ஒட்டாமல் கிடந்தன. உடலைப் பதப்படுத்தியவர்கள் ஊற்றிய பிசினில் அவை பதிந்திருக்கவில்லை. மன்னர் இறந்து நெடுங்காலத்துக்குப் பின் உடைந்தவை அவை என்று ஆய்வுக் குழு அறிவித்தது. மேலண்ணத்தில் ஒரு சிறு பிளவும், வெளிவராமல் தாடைக்குள் சிக்கிய ஒரு கடைவாய்ப் பல்லும் அந்தப் படங்களில் காணக் கிடைத்தன.